தாண்டிப் போன இலை
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



எனக்குச் சொந்த ஊர் திருநெல்வேலிச் சீமை. அம்மா உலை வைக்கும்போதெல்லாம் ஒரு கைப்பிடி அரிசியைத் தனிக் கலயத்தில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோவிலுக்குப் போகும். இந்தியர் பணத்திலேயே ஊழியம் செய்வோம் என்று 1903-ல் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கிய மண் அல்லவா அது!

அந்த வீட்டில் வளர்ந்த நான் சபைக் கமிட்டி மெம்பர் ஆனேன். காணிக்கையில் குறை வைக்கவில்லை. ஆனால் வேலித் தகராறில் கூடப் பிறந்த தம்பியோடு ஆறு வருஷம் பேச்சில்லை. ஒரே கோவில்தான், ஆளுக்கொரு மூலை.

ஒரு வருஷம் அசனப் பண்டிகையில் சோறு பரிமாறிக்கொண்டு போனேன். பின்னால் அம்மா குரல்: "ஏலே, எல்லாருக்கும் சோறு வச்ச. தம்பி இலைய மட்டும் ஏம்ல தாண்டிப் போன?"

பந்தியே திரும்பிப் பார்த்தது. காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனோடு ஒப்புரவாகு என்று மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் இயேசு சொன்னதை நான் எத்தனையோ தடவை சபையில் வாசித்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அது என் காதில் விழுந்தது.

திரும்பிப் போய்ச் சோறு வைத்தேன். தம்பி நிமிரவில்லை. "அண்ணே, இன்னுங் கொஞ்சம்" என்றான்.

வேலி விவகாரம் முடிய மேலும் இரண்டு வருஷம் ஆயிற்று. ஆனால் பேசித் தீர்த்தோம்.

தம்பி தங்கைகளே, அரிசி கொடுப்பது சுலபம். முதல் வார்த்தை பேசுவதுதான் கஷ்டம். விசுவாசம் அங்கேதான் தெரியும். நீங்கள் யார் இலையைத் தாண்டி வந்தீர்கள் என்று இன்றைக்கே திரும்பிப் பாருங்கள்.