முடிவெடுக்குமுன்



கோயில் குழுவானாலும் பெற்றோர் ஆசிரியர் சங்கமானாலும், கூட்டங்களில் நாம் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. தலைவர் தம் கருத்தை முதலில் சொல்லிவிடுவார், மற்றவர்கள் தலையசைப்பார்கள். கூட்டம் கலைந்த பிறகு வாசலில் நின்று, "இது சரிப்பட்டு வராது" என்று முணுமுணுப்போம். இப்பழக்கம் நாடுகளையே ஆபத்தில் மாட்டிவிட்டதுண்டு.

1961ஆம் ஆண்டு ஏப்ரல் 17ஆம் நாள், அமெரிக்க உளவுத்துறையிடம் பயிற்சி பெற்ற கியூபா நாட்டினர் சுமார் 1,400 பேர், காஸ்ட்ரோவின் ஆட்சியைக் கவிழ்க்கப் பன்றி வளைகுடாவில் இறங்கினார்கள். மூன்றே நாளில் தோற்றார்கள். நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ஆயிரத்துக்கு மேற்பட்டோர் சிறைப்பட்டனர். அதிபர் கென்னடியின் ஆலோசகர்களுள் சிலருக்கு முன்பே ஐயம் இருந்தது. அவர்களுள் ஒருவரான ஆர்தர் ஷ்லெசிங்கர் தம் மறுப்பைத் தனியே எழுதிக் கொடுத்தார். கூட்டத்திலோ பெரும்பாலும் மௌனமாக இருந்துவிட்டார். பின்னர் அதற்காக வருந்தினார்.

1962 அக்டோபரில் இன்னும் பெரிய சோதனை வந்தது. கியூபாவில் சோவியத் ஏவுகணைத் தளங்கள் எழுவதை விமானப் படங்கள் காட்டின. உடனே குண்டு வீசவேண்டும் என்பதே பலரின் முதல் எண்ணம். இம்முறை கென்னடி முறையை மாற்றிக்கொண்டார். சில கூட்டங்களுக்கு வராமல் விலகி நின்றார். தலைவர் எதிரே இல்லாதபோது நா தயங்காதல்லவா? ஆலோசகர்கள் பெரியவர், சிறியவர் என்ற பேதமின்றிப் பேசினார்கள். குழுக்களாகப் பிரிந்து திட்டங்களை எழுதி, தாள்களை மாற்றிக்கொண்டு, ஒருவர் திட்டத்தில் மற்றவர் குறை கண்டார்கள். முடிவில் குண்டுவீச்சைத் தள்ளிவைத்து, கடல்வழியை மறித்தார்கள். மறைவில் பேச்சும் நடந்தது. அக்டோபர் 28இல் ஏவுகணைகளை அகற்றக் குருஷேவ் இசைந்தார்.

கியூபாவில் அப்போதே சிறிய அணு ஆயுதங்களும் இருந்தன என்பது முப்பது ஆண்டுகள் கழித்தே வெளிவந்தது. குண்டு வீசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நாம் எந்த நிர்வாகத்தில் இருந்தாலும் மூன்றைக் கடைப்பிடிப்போம். தலைவரானால் நம் கருத்தைக் கடைசியில் சொல்வோம். குறை காண்பதற்கென்றே ஒருவரை அமர்த்துவோம். ஒரு வழியோடு நில்லாமல் இன்னொரு வழியையும் எண்ணிப் பார்ப்போம்.

வீடும் ஒரு நிர்வாகந்தான். படிவம் ஐந்து முடித்த மகளை மேலே படிக்க வைப்பதா, வேலைக்கு அனுப்புவதா என்று முடிவு செய்யுமுன், அவள் அம்மாவையும் அவளையும் பேசவிட்டுக் கேட்போம். வாசலில் முணுமுணுக்கும் சொல் கூடத்திலேயே ஒலிக்கட்டும்.