பெருங்குடல் அகநோக்குச் சோதனையும் மொழியின் கடமையும்

மருத்துவச் செய்திகளைத் தமிழில் தெளிவுறச் சொல்வது நம் கடமை. அதற்குச் சான்றாகப் பெருங்குடல் அகநோக்குச் சோதனையை எடுத்துக்கொள்வோம். மருத்துவமனைகளில் இதனைக் கொலனோஸ்கோபி என்பர்.

சிங்கப்பூரில் மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய்களுள் பெருங்குடல் புற்றுநோயும் ஒன்று. அது பெரும்பாலும் குடலின் உட்சுவரில் தோன்றும் பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சியிலிருந்து தொடங்குகிறது. எல்லாப் பாலிப்புகளும் புற்றாவதில்லை. ஆவனவும் பொதுவாகப் பல்லாண்டுகள் எடுத்துக்கொள்கின்றன. அந்த இடைவெளியே நமக்குரிய வாய்ப்பு.

நுனியில் விளக்கும் படக்கருவியும் பொருத்திய வளையும் குழாயை ஆசனவாய் வழியே செலுத்தி, மருத்துவர் பெருங்குடலைப் பார்வையிடுகிறார். பாலிப் தென்பட்டால், அக்குழாயினூடே கம்பிச் சுருக்கை அனுப்பி அகற்றுகிறார். 1969ஆம் ஆண்டு நியூயார்க்கில் வில்லியம் வுல்ஃப், ஹிரோமி ஷின்யா ஆகிய மருத்துவர்கள் இம்முறைக்கு வழிகாட்டினர். நோயைக் கண்டறியும் கருவியே நோயைத் தடுக்கும் கருவியும் ஆயிற்று. அரிதாகக் குருதிக்கசிவோ குடலில் துளையோ நேரலாம். முற்றிய புற்றுக்கு அறுவை சிகிச்சையே பெரிதும் தேவைப்படும்.

இதில் மொழிக்கு என்ன பங்கு? சிங்கப்பூரில் 50 வயதை எட்டியோர் ஆண்டுதோறும் மலத்தில் மறைந்துள்ள குருதியைச் சோதித்துக்கொள்ளுமாறு அறிவுறுத்தப்படுகின்றனர். குருதி தென்பட்டால் புற்றுநோய் உறுதி என்பதன்று. அகநோக்குச் சோதனை தேவை என்பதே பொருள். இவ்வேறுபாடு விளங்காதோர் அஞ்சி ஒதுங்குவர்.

சோதனைக்கு முன் குடல் தூய்மையாக வேண்டும். நார்ச்சத்துக் குறைந்த உணவு, குறித்த வேளையில் பேதி மருந்து என மருத்துவமனை தரும் குறிப்புகளை வழுவாது பின்பற்ற வேண்டும். கழிவு எஞ்சினால் பாலிப் கண்ணுக்குத் தப்பும். சோதனையை மீண்டும் செய்யவும் நேரும். ஆங்கிலக் குறிப்பு பாட்டிக்கு விளங்காதபோது பேரப்பிள்ளையே மொழிபெயர்ப்பாளர். மலம், ஆசனவாய் என்னும் சொற்களைக் கூறக் கூசி, 'ஏதோ வயிற்றுச் சோதனை' என்று அப்பிள்ளை மழுப்பினால், இழப்பு பாட்டிக்கே.

ஆகவே ஆசிரியர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். இத்தகைய குறிப்பொன்றை எளிய தமிழில் எழுதும் பயிற்சியை மாணவர்க்கு அளியுங்கள். எழுதியதை வீட்டு முதியோரிடம் படித்துக் காட்டட்டும். எந்த நாளில் எதை உண்பது, எப்போது மருந்தைக் குடிப்பது என்று அவர்கள் தம் சொற்களில் திருப்பிச் சொன்னால், அக்கட்டுரைக்கு முழு மதிப்பெண் வழங்கலாம்.