நீலக்குயிலும் நாட்டு மெட்டும்

வெளிமாநிலத்தில் குடியேறிய தமிழ்க் குடும்பங்களில் இருவகைப் பாட்டுகள் ஒலிக்கக் காண்கிறோம். ஒன்று, பாட்டி தன் ஊரிலிருந்து கொண்டுவந்த தாலாட்டு. மற்றொன்று, தெருவிலிருந்து சாளரத்தின் வழியே தானாக வீட்டுக்குள் நுழைந்த பாட்டு. மட்டாஞ்சேரி முதல் இடக்கொச்சி வரை காயற்கரையில் வாழும் நம்மவர் வீடுகளுள் அவ்வாறு நுழைந்தவற்றுள் ‘நீலக்குயில்’ என்னும் மலையாளத் திரைப்படத்தின் பாடல்கள் குறிப்பிடத்தக்கவை. அவை நாட்டு மெட்டுக்கு மதிப்புத் தேடித் தந்த வரலாற்றை இன்று சிறிது எண்ணிப் பார்ப்போம்.

‘நீலக்குயில்’ 1954-ஆம் ஆண்டு வெளிவந்தது. அதற்கு முன்னர் மலையாளப் படங்களில் ஒலித்த மெட்டுகளுள் பெரும்பாலானவை இரவல். இந்திப் படத்தில் புகழ்பெற்ற மெட்டையோ, நம் தமிழ்ப் படத்து மெட்டையோ எடுத்து, அதன் அளவுக்கு ஏற்ப மலையாளச் சொற்களை அடுக்குவர். பிறர் உடலுக்குத் தைத்த சட்டையை வாங்கி அணிவது போன்றதே இது. சட்டை அழகியதாக இருக்கலாம். ஆயினும், தோள் ஓரிடத்தில் இறுகும், கை ஓரிடத்தில் தொங்கும். மொழிக்குரிய இயல்பான நடை அம் மெட்டுக்குள் அடங்காது தவித்தது.

இந்நிலையை மாற்றியவர் கே. ராகவன். தலைச்சேரியிற் பிறந்த இவர், சென்னை வானொலி நிலையத்தில் தம்பூராக் கலைஞராகத் தொடங்கிப் பின்னர்க் கோழிக்கோடு நிலையத்தில் பணியாற்றியவர். சாத்திரீய சங்கீதம் பயின்றவரேனும், வடமலபாரின் நாட்டுப் பாடல்களையும் மாப்பிளப் பாட்டுகளையும் செவி சாய்த்துக் கேட்டவர். பி. பாஸ்கரன் பாடல்களை இயற்றினார். அவரும் ராமு காரியாட்டும் படத்தை இயக்கினர். கதை எழுதிய உறூபும் கோழிக்கோடு வானொலியைச் சார்ந்தவரே. படத்துக்குப் பொருள் தந்து தயாரித்த டி. கே. பரீக்குட்டியோ கொச்சிக்காரர்.

தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண் ஒருத்தியைக் காதலித்துக் கைவிட்ட ஆசிரியனின் கதை அது. மண்ணில் உழைப்போரின் துயரைச் சொல்ல வந்த கதைக்கு, மண்ணில் உழைப்போரின் மெட்டே பொருந்தும் என்று ராகவன் உணர்ந்தார். மாப்பிளப் பாட்டின் சாயலில் அமைந்த ‘காயலரிகத்து’ என்னும் பாடலை அவர் தம் குரலிலேயே பாடினார். காயலில் வீசும் வலையையும் கையில் குலுங்கும் வளையையும் இணைத்துச் சொல்விளையாட்டாக அமைந்த பாடல் அது. வலை, வளை என்னும் இரு சொற்களும் தமிழிலும் உள்ளமையால், நம்மவர்க்கு அதன் சுவையை உணர உரை வேண்டுவதில்லை.

அக்காலத்து இசைத்தட்டு நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது; ஒரு பக்கத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடப் பாட்டே அடங்கும். அச் சிறிய அளவுக்குள் மலையாள நாட்டின் வயலும் காயலும் தம் சொந்தக் குரலில் ஒலித்தன. குடியரசுத் தலைவரின் வெள்ளிப் பதக்கத்தையும் அப் படம் பெற்றது.

இப் படத்தில் பாடிய மற்றொருவரை நாம் சிறப்பாக நினைத்தல் வேண்டும். அவர் கொச்சியின் மெஹபூப். 1926-இல் வறிய குடும்பத்திற் பிறந்தவர். அவருடைய முன்னோர் தக்கினி உருது பேசியவர். வீட்டு மொழி ஒன்று, தெரு மொழி மற்றொன்று என்னும் நிலை நமக்குப் புதிதன்று. அந் நிலையிற் பிறந்தவரே திருமண வீடுகளிலும் நண்பர் கூட்டங்களிலும் பாடிப் பாடிக் கொச்சித் தெருக்களின் குரலாக விளங்கினார். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் டி. ஆர். சுந்தரம் 1961-இல் எடுத்த முதல் மலையாள வண்ணப்படமான ‘கண்டம் பெச்ச கோட்டு’ என்னும் படத்திலும் மெஹபூப் பாடினார். ஒட்டுப்போட்ட சட்டை என்பது அப் பெயரின் பொருள்.

மெஹபூப் 1981-இலும், ராகவன் 2013-இலும் மறைந்தனர். படங்களுக்காக மெஹபூப் பாடியவை இன்றும் ஒலிக்கின்றன. திருமணப் பந்தலில் இரவெல்லாம் அவர் பாடியவற்றுள் பதிவாகாதவையோ கேட்டவர் நினைவோடு கரைந்து போகின்றன. பதிவு பெற்ற பாட்டுக்கும் பெறாத பாட்டுக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

நேயர்களே, நம் வீட்டுப் பாட்டியின் தாலாட்டும், நடவுப் பாட்டும், ஒப்பாரியும் எந்நிலையில் உள்ளன? அவற்றுக்கு இசைத்தட்டு இல்லை, ஏடும் இல்லை. பேரக் குழந்தைகள் பள்ளியில் வேறு மொழி பயில்கின்றனர். பாட்டியின் குரலோ ஆண்டுதோறும் தளர்கிறது. ராகவன் செய்த பெருஞ்செயலின் முதற்படி, அருகில் அமர்ந்து கேட்டதேயாகும். அது நம் எல்லோர்க்கும் இயலும். இன்று கையடக்கக் கருவியிலேயே குரலைப் பதியலாம். வரும் ஞாயிற்றுக்கிழமை பாட்டியின் அருகே குழந்தையை அமர்த்தி, ஒரு பாட்டையேனும் முழுமையாகப் பாடச் சொல்லிக் கேட்போம். தெருப் பாட்டைக் குழந்தை தானே கற்றுக்கொள்ளும்; வீட்டுப் பாட்டை நாம்தான் கொடுத்தல் வேண்டும்.