இலக்கு வகுப்போம், பின்பு கற்பிப்போம்
(ஆண்டாப் ஹில்லில் நடைபெற்ற ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)



ஞாயிறுதோறும் நம் சங்கத்தில் நடைபெறும் தமிழ் வகுப்பைக் குறித்துச் சில சொற்கள் கூறுமாறு எங்களைப் பணித்திருக்கிறார்கள். அவ்வகுப்பில் கற்பிக்கும் நாங்கள் ஆசிரியப் பயிற்சி பெற்றவர்கள் அல்லோம். அலுவலகங்களிலும் கடைகளிலும் உழைப்பவர்கள். இவ்வுரையை எழுதிய கையும் இருப்புப்பாதை அலுவலகத்தில் கோப்பு எழுதும் கையே. பள்ளியிறுதித் தேர்வுக்கு அப்பால் செல்லாத கையே. ஆதலின், குறை காணின் பொறுத்தருள வேண்டுகிறோம்.

சென்ற ஆண்டு விழாவில் ஒப்பித்தல் போட்டியில் முதற்பரிசு பெற்ற சிறுவன் ஒருவனைப் பலரும் பாராட்டினோம். விழா முடிந்ததும், கண் மங்கிய மூதாட்டியார் ஒருவர், ஊரிலிருந்து வந்த திருமண அழைப்பிதழை அவனிடம் நீட்டி, "என் அப்பனே, முகூர்த்தம் எந்த ஊரில் என்று படித்துச் சொல்" என்றார். சிறுவன் அதை இப்படியும் அப்படியும் திருப்பினான். "பாட்டி, இது எங்கள் பாடத்தில் இல்லையே" என்றான். சுற்றி நின்றோர் நகைத்தனர். மூதாட்டியார் நகைக்கவில்லை. நாங்களும் நகைக்கவில்லை.

சிறுவன் தவறினானா? இல்லை, நாங்களே தவறினோம். "தமிழ் கற்பிப்போம்" என்று புறப்பட்டோமேயன்றி, ஆண்டிறுதியில் பிள்ளை எதைச் செய்ய வல்லவனாக வேண்டும் என்று ஒருநாளும் எழுதிவைத்தோமல்லோம். பயணச்சீட்டுக் கேட்டு வருபவரை நோக்கி, "எந்த ஊருக்கு?" என்பதே எழுத்தரின் முதற்கேள்வி. திருநெல்வேலி என்று தெரிந்த பின்னரே எந்த வண்டி, எந்த வகுப்பு என்னும் பேச்சு எழும். ஊரைச் சொல்லாமல் வண்டி ஏறியவர்களாக நாங்கள் இருந்தோம்.

அமெரிக்கக் கல்வியறிஞர் ராபர்ட் மேகர் 1962இல் வெளியிட்ட நூலில், கற்றல் நோக்கம் ஒன்றிற்கு மூன்று உறுப்புகள் வேண்டும் என்றார். கற்பவர் செய்யும் செயல் ஒன்று. அதைச் செய்யும் நிலைமை இரண்டு. போதுமெனக் கொள்ளும் அளவு மூன்று. "பிள்ளை தமிழை அறிவான்" என்பது நல்ல வாழ்த்து, நோக்கம் அன்று. "முன்பு கண்டிராத ஐந்து வரிக் கடிதத்தைப் பிறர் துணையின்றி உரக்கப் படித்து, அதன் செய்தியைச் சொல்வான்; மூன்று சொற்களுக்கு மேல் தடுமாறான்" என்பதே நோக்கம். இதனை அளந்து பார்க்கலாம். பொய் சொல்ல இயலாது.

நோக்கம் தெளிந்தால் முறையும் தெளியும். பெஞ்சமின் புளூம் முதலிய அறிஞர்கள் 1956இல் அறிவுத்திறன்களை ஆறு படிகளாக வகுத்தனர். அவற்றுள் நினைவில் வைத்தல் முதற்படி. புதிய இடத்தில் பயன்படுத்தல் மூன்றாம் படி. ஒப்பித்தல் முதற்படிக்கு உரிய முறை. அதைக் கொண்டு மூன்றாம் படியின் பயனை எதிர்பார்த்தது எங்கள் பிழை. ஒப்பித்தலை இகழ்கின்றோமல்லோம்; நாவும் செவியும் திருந்த அது வேண்டும். படிக்கக் கற்பதற்கு அது மட்டும் போதாது.

கற்பவர் யார் என்பதையும் நோக்க வேண்டும். இங்குள்ள நம் பிள்ளைகள் பள்ளியில் மராத்தியும் இந்தியும் படித்துவிட்டு வருபவர்கள். அவற்றில் ககரத்திற்கு வேறு வேறு ஒலிகளுடன் நான்கு எழுத்துகள், தமிழிலோ ஒன்றே. கல், தங்கம், பகல் என்னும் சொற்களில் ஒரே எழுத்து இடத்திற்கேற்ப ஒலி மாறுவதை அவர்கள் செவியால் உணர வேண்டும். எகர ஏகாரத்திற்கும் ஒகர ஓகாரத்திற்கும் அம்மொழிகளில் தனித்தனி எழுத்தில்லை. ஆகவே கொடி, கோடி என இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துப் படிப்பிக்கிறோம். ளகரம் மராத்தியிலும் உண்டு. அதற்கு மிகுந்த நேரம் வேண்டா. ழகரத்திற்கே பயிற்சி வேண்டும். 247 எழுத்துகளையும் வரிசையாக எழுதி முடிக்கும்வரை காத்திராமல், ட, ப, ம என்னும் எளிய வடிவங்களைக் காட்டி, முதல் நாளே படம், மடம், பட்டம் என்று படிக்கச் செய்கிறோம்.

ஒரே அறையில் பல நிலையினர் இருப்பது மற்றொரு இடர். தமிழ்நாட்டு அரசு 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் இதற்கு வழி காட்டுகிறது. 2025ஆம் ஆண்டிற்குள் எட்டு வயதிற்குட்பட்ட பிள்ளைகள் பொருளுணர்ந்து படிக்கவும் அடிப்படைக் கணக்குச் செய்யவும் வேண்டும் என்று அத்திட்டம் இலக்கை முதலில் வகுத்தது. பின்னர்ப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைவாரியாகப் பிரித்துக் கற்பித்தது. நாங்களும் வயது பாராது நிலை பார்த்து மூன்று பாய்களில் அமர்த்தியுள்ளோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரும்பில் அமர்வதில் இழிவொன்றும் இல்லை. பெற்றோர் அதை மனத்தில் கொள்ள வேண்டும்.

பெற்றோர்களே, உங்களிடம் நாங்கள் வேண்டுவது பொருளன்று. வீட்டிற்கு வரும் அழைப்பிதழையும் கடிதத்தையும் எறிந்துவிடாமல் வகுப்பிற்குக் கொடுத்தனுப்புங்கள். நாள்தோறும் பத்து நிமிடம் பிள்ளை படிக்க, நீங்கள் கேளுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் மேடைப் போட்டியோடு, பிள்ளைகள் முன்பு கண்டிராத கடிதங்களை ஒரு மேசையில் வைப்போம். பரிசு பெறுபவர் எவராயினும் ஆகுக. அந்த மூதாட்டியார் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். அடுத்த முறை அவர் நீட்டும் தாளை நம் பிள்ளை ஒருவன் படித்துக் காட்டுவானாயின், அதுவே எங்கள் தேர்ச்சி. இல்லையேல் தோற்றவர் நாங்களே.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!