தலைமடையும் கடைமடையும்



காவிரியினின்று குடமுருட்டி பிரிந்து செல்லும் இடத்தில் அமைந்த ஊர் திருக்காட்டுப்பள்ளி. நான் பிறந்து வளர்ந்த ஊர் அது. மேட்டூர் அணை திறந்து, கல்லணையைக் கடந்து, ஆற்றில் புதுநீர் வரும் நாள் எங்களுக்குத் திருநாள். சிறுவர்களாகிய நாங்கள் வாய்க்கால் தலைப்பில் மதகு திறப்பதைப் பார்க்கக் கூடி நிற்போம். நீர் நுரைத்துப் பாயும்போது ஆரவாரம் செய்வோம். என் சிற்றப்பா மட்டும் அங்கே நிற்கமாட்டார். மண்வெட்டியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, வாய்க்கால் முடியும் இடத்தை நோக்கி நடந்துவிடுவார். "மதகு திறந்தது எல்லார் கண்ணுக்கும் தெரியும். கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா என்பது நடந்து போய்ப் பார்த்தவனுக்குத்தான் தெரியும்" என்பார். அச்சொல்லின் பொருள் எனக்கு விளங்கப் பல ஆண்டுகள் ஆயின.

இன்று நான் பேச எடுத்துக்கொண்டவை இரண்டு தொழில்கள். ஒன்று தொலைக்காட்சித் தயாரிப்பாளர் தொழில். மற்றொன்று ஊடக ஆலோசகர் தொழில். முன்னதில் பல ஆண்டுகள் இருந்து, பின்னதற்கு வந்தவன் நான். 'இரண்டும் ஒன்றுதானே!' என்று மாணவர்கள் பலர் என்னிடம் கேட்டதுண்டு. ஒன்றல்ல. தயாரிப்பாளர் மதகைத் திறப்பவர். ஆலோசகர் கடைமடை வரை நடந்து செல்பவர். இவ்வேறுபாட்டை நான் கற்றுக்கொண்ட வரலாற்றையே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

தயாரிப்பாளர் என்பவர் யார்? திரையில் தோன்றுபவர் அல்லர். எதைச் சொல்வது, எவரைக் கொண்டு சொல்வது, எத்தனை நிமிடத்தில் சொல்வது என்று முடிவு செய்பவர் அவர். எழுத்தாளர், ஒளிப்பதிவாளர், படத்தொகுப்பாளர், அறிவிப்பாளர் ஆகிய அனைவருடைய உழைப்பையும் ஒருங்கிணைப்பவர். குறித்த நேரத்தில் நிகழ்ச்சி வெளிவந்தாக வேண்டும். வந்துவிட்டால் அவருக்கு ஒரு நிறைவு. மறுநாளே அடுத்த நிகழ்ச்சியின் கவலை பிடித்துக்கொள்ளும். நேற்றைய நிகழ்ச்சி யார் வீட்டில் என்ன செய்தது என்று எண்ணிப் பார்க்க அவருக்குப் பொழுது கிடைப்பதில்லை.

இந்தியாவில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15-ஆம் நாள் தில்லியில் தொடங்கியது. 1967 சனவரி 26-இல், தில்லியைச் சூழ்ந்த எண்பது சிற்றூர்களுக்காக 'கிருஷி தர்ஷன்' என்னும் உழவர் நிகழ்ச்சி தொடங்கப்பெற்றது. சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது 1975 ஆகஸ்டு 15-இல். தொடக்கத்தில் தொலைக்காட்சி, வானொலியின் ஒரு கிளையாகவே இருந்தது. 1976-இல் தூரதர்ஷன் தனித் துறையாகப் பிரிந்தபோது அதன் முதல் தலைமை இயக்குநரான பி. வி. கிருஷ்ணமூர்த்தியும் வானொலியில் பழகி வந்தவரே. ஆகவே எங்கள் தொழிலின் தாய்வீடு வானொலி என்று சொல்வதில் தவறில்லை.

அத்தாய்வீட்டின் பெருமைக்குத் தஞ்சைத் தரணியிலேயே ஒரு சான்று உண்டு. 1960-களின் நடுவில் ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் வெளிவந்தது. ஜப்பானிய நெல்லினம் ஒன்றையும் நம் நாட்டு ஜி.இ.பி. 24 இனத்தையும் சேர்த்து உருவாக்கிய அந்த நெல் குறுவைப் பட்டத்துக்கு ஏற்றதாக இருந்தது. திருச்சி வானொலி நிலையத்தின் உழவர் நிகழ்ச்சிகள் அந்த நெல்லைப் பற்றி எடுத்துரைத்தன. கேட்ட உழவர் பயிரிட்டனர். பயிரிட்டவர் அதற்கு ஒரு பெயரும் வைத்தனர்: 'ரேடியோ நெல்'. ஆராய்ச்சி நிலையம் கொடுத்தது ஓர் எண். மக்கள் கொடுத்ததோ பெயர். தலைமடையில் விட்ட நீர் கடைமடைக்கு எட்டிற்று என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேறென்ன வேண்டும்?

இக்கதையைக் கேட்டு வளர்ந்த நான், தொலைக்காட்சித் தயாரிப்பாளன் ஆனபோது எனக்கும் அத்தகைய பேறு கிட்டும் என்று நம்பியதில் வியப்பில்லை. சம்பாப் பயிருக்கு உரமிடுவது பற்றி ஒருமுறை நிகழ்ச்சி ஒன்று தயாரித்தேன். வேளாண் வல்லுநர் ஒருவர் அளவுகளை விளக்கினார். காட்சிகள் அழகாக அமைந்தன. உடன் பணியாற்றியோர் பாராட்டினர். நானும் மகிழ்ந்தேன்.

அவ்வாண்டு பொங்கலுக்கு ஊருக்குச் சென்றேன். சிற்றப்பா வழக்கம்போல் அன்பாக வரவேற்றார். ஆனால் வயலைப் பார்க்கப் போகலாம் என்று அவர் அழைக்கவில்லை. நானே கிளம்பிச் சென்றேன். அவருடைய வயலில் மூன்று மா நிலத்தில் பயிர் படுத்துக் கிடந்தது. எஞ்சி நின்றதைப் புகையான் தீய்த்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் சிற்றன்னைதான் விவரம் சொன்னார். நான் தயாரித்த நிகழ்ச்சியை இருவரும் அண்டைவீட்டில் அமர்ந்து பார்த்தார்களாம். அதில் சொன்ன அளவை அப்படியே ஏக்கருக்கு இட்டாராம் சிற்றப்பா. வல்லுநர் கூறியதோ எக்டேருக்கு உரிய அளவு. ஓர் எக்டேர் ஏறக்குறைய இரண்டரை ஏக்கர். ஆகவே அந்த நிலத்தில் விழுந்த உரம் இரண்டரை மடங்கு. முதலில் பயிர் கரும்பச்சையாகத் தழைத்தது. பக்கத்து வயல்காரர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்களாம். பிறகு நடந்ததை என் கண்ணாலேயே கண்டுவிட்டேன்.

"உரம் கூடுதலாக இருக்கிறதே என்று நான் கேட்டேன். நம் பிள்ளை எடுத்த படம், தவறாக இருக்குமா என்றார்" என்று சிற்றன்னை சொன்னபோது என்னால் தலைநிமிர்ந்து பார்க்க இயலவில்லை.

சிற்றப்பா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. இரவு திண்ணையில் அமர்ந்திருந்தபோது மெல்லச் சொன்னார்: "தம்பி, படம் நன்றாகத்தான் இருந்தது. எக்டேர் என்றது என் காதில் ஏக்கர் என்று விழுந்துவிட்டது. நாங்கள் மாக்கணக்கில் உழுகிறவர்கள். மாவுக்கு இவ்வளவு என்று சொல்லியிருந்தால் விளங்கியிருக்கும்."

எங்கள் பக்கத்தில் மூன்று மா ஓர் ஏக்கர். இருபது மா ஒரு வேலி. இது நான் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன்னே அறிந்த கணக்கு. நிகழ்ச்சி தயாரிக்கும் மேசையில் அமர்ந்தவுடன் அதை மறந்துவிட்டேன். வல்லுநர் கூறியது சரி. காட்சி சரி. ஒலியும் சரி. ஆயினும் மூன்று மாப் பயிர் போயிற்று. பிழை என்னுடையது. நிகழ்ச்சி வெளியாகும் முன் ஓர் உழவரையேனும் அமர்த்திக் காட்டி, 'நீங்கள் என்ன கேட்டீர்கள்? நாளை வயலில் என்ன செய்வீர்கள்?' என்று வினவியிருந்தால் அது அன்றே வெளிப்பட்டிருக்கும்.

அவ்விரண்டு வினாக்களே பின்னர் என் தொழிலாயின. ஊடக ஆலோசகர் செய்யும் பணி பெரும்பாலும் இதுவே. நிகழ்ச்சி உருவாகுமுன் மக்களிடம் சென்று அவர்கள் எந்தச் சொல்லால் பேசுகிறார்கள், எந்த அளவையால் அளக்கிறார்கள் என்று அறிகிறார். உருவாகும்போது சிலருக்குக் காட்டிப் பார்க்கிறார். வெளியான பின்பு, பார்த்தவர் மனத்தில் எது தங்கிற்று, எது திரிந்தது என்று ஆராய்கிறார்.

இம்முறைக்கு உலகறிந்த முன்னோடி ஒருவர் உண்டு. மெக்சிகோ நாட்டின் மிகேல் சபிதோ நாடகத்திலும் தொலைக்காட்சியிலும் தயாரிப்பாளராக விளங்கியவர். 1975-76-இல் 'என்னோடு வா' என்று பொருள்படும் பெயருடைய தொடர் ஒன்றை, முதியோர் கல்வியை வளர்க்கும் நோக்குடன் தயாரித்தார். கதையை எழுதுமுன் ஆராய்ச்சி, ஒளிபரப்பிய பின் ஆராய்ச்சி என்பது அவர் முறை. பின்னர்ப் பிற நாடுகளும் அவரிடம் அம்முறையைக் கேட்டறிந்தன.

அவர் வழியைப் பின்பற்றி இந்தியாவில் 1984 சூலையில் தொடங்கியதே 'ஹம் லோக்' தொடர். மனோகர் சியாம் ஜோஷி எழுதியது. 156 பகுதிகள் வந்தது. முதற்பகுதிகளில் குடும்பநல அறிவுரை மிகுந்திருந்தது, மக்கள் விரும்பவில்லை. அதை உணர்ந்து கதைப்போக்கை மாற்றினர். அப்பால்தான் அது நாடெங்கும் புகழ்பெற்றது. ஆயினும் ஒரு விந்தை நிகழ்ந்தது. எல்லாக் கொடுமைகளையும் பொறுத்துக்கொள்ளும் தாயாகப் பாகவந்தி என்னும் பாத்திரத்தை அமைத்திருந்தனர். 'பெண்கள் இப்படி அடங்கிக் கிடக்கலாகாது' என்று காட்டுவதே நோக்கம். ஆனால் பின்னர் ஆராய்ந்தபோது, பார்த்தவருள் பலர் அவளையே பின்பற்றத்தக்க தாயாகப் போற்றியது தெரியவந்தது. என் சிற்றப்பாவின் காதில் எக்டேர் ஏக்கரானதும் இதுவும் ஓரினமே அல்லவா?

இதற்கு முன்பே, 1975 ஆகஸ்டு முதல் 1976 சூலை வரை, ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியே கல்வி நிகழ்ச்சிகள் அனுப்பப்பட்டன. விக்கிரம் சாராபாய் கண்ட கனவு அது. அப்போது ஆய்வாளர்கள் சிலர் அச்சிற்றூர்களிலேயே தங்கி, நிகழ்ச்சிகளை மக்கள் எவ்வாறு ஏற்றனர் என்று கண்டெழுதினர். விண்ணில் மதகு திறந்தவர்களும் மண்ணில் கடைமடை வரை நடக்கத் தவறவில்லை.

ஆலோசகர் தொழில் எளிது என்று எண்ணிவிடாதீர்கள். அழைப்பவர் பலரும் தம் நிகழ்ச்சி சிறந்தது என்று கேட்கவே விரும்புவர். 'கடைமடை காய்ந்து கிடக்கிறது' என்று சொல்பவனை அடுத்த முறை அழைக்கமாட்டார்கள். எனக்கும் அவ்வாறு சில வாய்ப்புகள் நழுவின. அப்போதெல்லாம் படுத்துக் கிடந்த அந்த மூன்று மாப் பயிரை நினைத்துக்கொள்வேன். உள்ளதைச் சொல்லத் துணிவு வந்துவிடும்.

மாணவ நண்பர்களே, இன்று உங்கள் கையிலுள்ள தொலைபேசியிலேயே ஒளிப்பதிவுக் கருவியும் ஒளிபரப்பு நிலையமும் அடங்கியிருக்கின்றன. உங்களில் ஒவ்வொருவரும் விரும்பினால் தயாரிப்பாளர் ஆகலாம். எத்தனை பேர் பார்த்தனர் என்ற எண்ணிக்கையும் உடனே கண்முன் வந்து நிற்கும். அது மதகில் பாயும் நீரின் அளவு மட்டுமே. நீங்கள் ஒன்றை வெளியிடுமுன், அது யாருக்காகவோ அவரை அருகில் அமர்த்திக் காட்டுங்கள். அவர் பாராட்டினால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். 'இதைக் கேட்டு என்ன செய்யப் போகிறீர்கள்?' என்று வினவுங்கள்.

சிற்றப்பா இன்று இல்லை. அவ்வயல் இருக்கிறது. புதுநீர் வரும் காலத்தில் ஊருக்குச் சென்றால் மதகருகே சிறுவர்கள் கூடி நிற்பதை இன்றும் காண்கிறேன். நானும் சற்று நின்று பார்ப்பேன். பிறகு வாய்க்கால் வழியே கடைமடை வரை நடந்துவிட்டுத்தான் வீட்டுக்குத் திரும்புவேன்.