கடலோடு மல்லுக்கட்ட வேண்டாம்



வருகிற ஞாயிற்றுக்கிழமை நம் மையத்தில் படிக்கும் எல்லோரும் ஹேவ்லாக் தீவுக்குப் போகிறோம். 2018-இல் அதற்கு சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள். நமக்கு வாயில் வருவது இன்னும் ஹேவ்லாக்தான். போர்ட் பிளேரிலிருந்து காலையில் கப்பல். ராதாநகர் கடற்கரையில் மதியச் சாப்பாடு. பிள்ளைகளும் வருகிறார்கள்.

நாம் அந்தமானில் இருப்பவர்கள். தினமும் கடலைப் பார்க்கிறோம். ஆனால் கடலில் இறங்கி நீந்தியவர்கள் எத்தனை பேர்? கை தூக்குங்கள். பார்த்தீர்களா, நான்கு பேர்தான். அந்த நான்கு பேருக்காகத்தான் முதலில் பேசப் போகிறேன்.

எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார். மதுரைப் பக்கத்து ஊர்க்காரர். மேட்டிலிருந்து கிணற்றில் குதித்து நீந்திப் பழகியவர். எனக்குப் பத்து வயது இருக்கும்போது, ஒரு விடுமுறை நாளில் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். அண்ணன் கடலில் இறங்கினார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் அவரை உள்ளே இழுத்தது. அவர் கரையைப் பார்த்து நேராக நீந்தினார். எவ்வளவு கை போட்டும் கரை கிட்டே வரவில்லை. களைத்துப் போனார்.

அதைப் பார்த்து அவருடைய தம்பி தண்ணீரில் குதித்தார். தம்பிக்கு நீச்சல் சரியாகத் தெரியாது. அங்கே வலை உலர்த்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் காலிக் கேனில் கயிறு கட்டி வீசினார். அண்ணன் அதைப் பிடித்துக் கரை சேர்ந்தார். தம்பி வரவில்லை.

நேற்று அந்த அண்ணனிடம், "கடலைப் பற்றிப் பேசப் போகிறேன்" என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "தங்கச்சி, அந்தக் கேனைப் பற்றி மட்டும் மறக்காமல் சொல்லிவிடு" என்றார்.

அன்று நடந்தது என்ன? அலைகள் தண்ணீரைக் கரைக்குக் கொண்டுவருகின்றன. அந்தத் தண்ணீர் திரும்பிப் போக வேண்டும் அல்லவா? வாய்க்கால் போல ஒரு குறுகலான வழியில் அது கடலுக்குள் வேகமாக ஓடும். அந்த இடத்தில் அலை அதிகம் உடையாது. இரண்டு பக்கமும் வெள்ளை நுரை இருக்கும். நடுவில் மட்டும் தண்ணீர் அமைதியாகத் தெரியும். சில சமயம் மணல் கலங்கி ஓடும். அமைதியாக இருக்கிறதே என்று நாம் அங்கேதான் குளிக்கப் போவோம். ஆபத்தும் அங்கேதான்.

இந்த இழுப்பு ஆளைக் கீழே அமுக்காது. கரையை விட்டுத் தூரமாகக் கொண்டு போகும். எதிர்த்து நீந்துகிறவர் களைத்து மூழ்குகிறார். நல்ல நீச்சல்காரராலும் அதை எதிர்த்து வெல்ல முடியாது. கிணற்றுத் தண்ணீர் ஓடாது. கடல் ஓடும். அதுதான் வித்தியாசம்.

மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? கடலோடு மல்லுக்கட்டாதீர்கள். மல்லாந்து மிதந்து மூச்சு விடுங்கள். ஒரு கையைத் தூக்கிக் காட்டிக் கத்துங்கள். தெம்பு இருந்தால் கரைக்கு இணையாக, பக்கவாட்டில் நீந்துங்கள். வாய்க்கால் குறுகியதுதான். அதை விட்டு வெளியே வந்த பிறகு, அலை உடைகிற பக்கமாகச் சாய்வாகக் கரைக்கு வாருங்கள்.

கரையில் இருப்பவர்கள் என்ன செய்வது? குதிக்காதீர்கள். பெற்ற பிள்ளையே ஆனாலும் முதலில் மிதக்கும் பொருளை வீசுங்கள். மூடி போட்ட காலிக் கேன், கயிறு, லைஃப் ஜாக்கெட், எது கிடைத்தாலும் சரி. லைஃப் கார்டைக் கூப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை நாமும் கயிறு கட்டிய இரண்டு கேன்களைக் கொண்டு போவோம். நானே எடுத்து வருகிறேன்.

இன்னொன்று. மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோல் கத்திக் கையாட்டுவார் என்று காத்திருக்காதீர்கள். பல நேரம் சத்தமே வராது. அதனால் பிள்ளைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் நிற்க வேண்டும். அப்போது போனைப் பார்க்கக் கூடாது. சேலை கட்டிய அக்காமார்கள் முழங்கால் தண்ணீரோடு நில்லுங்கள். நனைந்த சேலை காலைச் சுற்றிக்கொள்ளும். குடித்தவர் யாரும் தண்ணீரில் இறங்கக் கூடாது. கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, நான் தடுப்பேன்.

கரைக்குக் கொண்டுவந்தவர் மூச்சு விடவில்லை என்றால், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுக்காதீர்கள். தலைகீழாகத் தூக்காதீர்கள். நேரம்தான் வீணாகும். உடனே வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டும். நெஞ்சின் நடுவில் 30 முறை அமுக்கி, 2 முறை மூச்சு கொடுக்க வேண்டும். உதவி வரும்வரை இப்படியே மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். இதை நாளை செய்து காட்டுகிறேன்.

நம் தீவுகளில் உப்புநீர் முதலையும் உண்டு. 2010 ஏப்ரலில் ஹேவ்லாக்கில் கடலில் இருந்த ஓர் அமெரிக்கப் பெண்ணை முதலை கொன்றது. ஓடை கடலில் சேரும் இடத்திலும், அலையாத்திக் காட்டுப் பக்கமும், இருட்டும் நேரத்திலும் இறங்காதீர்கள்.

கடற்கரையில் எச்சரிக்கைப் பலகை இருக்கும். பெரும்பாலும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதியிருப்பார்கள். நாம் தமிழ் படிக்கக் கற்றோம். அது படிக்க வரவில்லையே என்று பேசாமல் கடந்து போகாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம், "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. கொடிக்கு எழுத்து வேண்டாம். சிவப்புக் கொடி பறந்தால் இறங்கக் கூடாது. சிவப்பும் மஞ்சளும் சேர்ந்த இரண்டு கொடிகள் நட்டிருந்தால், அவற்றின் நடுவில் மட்டும் குளிக்கலாம்.

இப்போது நோட்டை எடுங்கள். இரண்டு எண்களை எழுதுங்கள். அவசர உதவிக்கு 112. கடலோரக் காவல் படைக்கு 1554. எழுதிவிட்டீர்களா? அதன் கீழே ஒரு வரி எழுதுங்கள்:

"குதிக்காதே. கேனை வீசு."

வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளிடம் இதை நீங்களே படித்துக் காட்டுங்கள். ஞாயிற்றுக்கிழமை எத்தனை பேர் கப்பல் ஏறுகிறோமோ, அத்தனை பேரும் திரும்பி வர வேண்டும்.