வண்டியின் பின்னே ஒரு சுமை

சாமிக்கண்ணு வின்சென்ட் 1905-ஆம் ஆண்டில் ஊர் ஊராகச் சென்று சலனப்படம் காட்டத் தொடங்கினார்; 1914-இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கண்டார். மின்கம்பி எட்டாத ஊர்களுக்குப் பின்னாளில் சென்ற டூரிங் டாக்கீஸ்காரர்கள், மின்சாரம் தரும் எஞ்சினையும் உடன் கொண்டு சென்றனர்.

அவர்கள் வழியில் நாங்களும் ஒரு முறை புறப்பட்டோம். நான் தலைமையாசிரியராக இருந்த காலத்தில், கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் அறிவியற் படம் காட்ட வேன் ஒன்றை அமைத்தோம். 60 கிலோ எடையுள்ள ஜெனரேட்டரை உள்ளே வைத்து இயக்கினால், அதன் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு உயிரைக் குடித்துவிடும். ஆகவே வண்டியின் பின்சட்டத்தில் இரும்புத் தாங்கி பொருத்தச் சொன்னேன்.

ஒரு மாணவன் தயங்கியபடி கேட்டான்: “ஐயா, சுமை பின் அச்சுக்கு 1 மீட்டர் பின்னால் இருக்கிறது. முன் அச்சு 3 மீட்டர் முன்னால் இருக்கிறது. அப்படியானால் முன் சக்கரங்களின் மேல் 20 கிலோ பாரம் குறையுமல்லவா?”

ஆம்! பின் அச்சின் மேல் கூடுவது 60 கிலோ அன்று, 80 கிலோ. முன்பாரம் குறைந்தால் வண்டியைத் திருப்பும் பிடிப்பும் தளரும். தாங்கியை அச்சுக்கு நெருக்கினோம்; கருவிப் பெட்டிகளை முன்னே மாற்றினோம்.

நெம்புகோல் விதியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன் நான். அதைக் கற்றவன் அவன். ஐயம் தோன்றினால் ஆசிரியரிடமும் கேளுங்கள்.